கோட்டும் குதிரையும்

ஏற்காட்டில் கோட்டுப் போடுவது அதிசயமில்லை. வேட்டிக்கு மேல் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு செம்மநத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை எந்தக் குளிர்காலத்திலும் பார்க்கலாம். நாங்கள் இரண்டு பேர் போட்டது வேறு வகை. சட்டைக்கை கோட்டுக்கையைத் தாண்டிக் கொஞ்சம் தெரிய வேண்டும், கடைசிப் பொத்தானைப் போடக் கூடாது, உட்காரும்போது கோட்டைத் திறந்துவிட்டு எழும்போது மூட வேண்டும் என்று சட்டம் பார்த்துப் போட்டோம். போட்டுக்கொண்டு செஸ் ஆடினோம். ஊர் எங்களைப் பற்றி என்ன பேசியது என்று எனக்குத் தெரியும். ஊருக்கும் பொழுது போக வேண்டுமே.

நான் ஏரிப் பக்கம் ஒரு ஓட்டலில் மேனேஜர், சேலத்திலிருந்து மேலே வந்தவன். கோட்டும் டையும் எனக்கு உத்தியோகத்தோடு வந்து சேர்ந்த தொல்லை. அவர் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆபீஸ் வேலையும் ஆள் கணக்கும் அவர் பொறுப்பு. வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கோட்டுப் போடும் குடும்பம். எஸ்டேட் விருந்தாளிகளை ஓட்டலில் விட வந்த ஒரு நாள், வரவேற்பறையில் இருந்த செஸ் பலகை திருப்பிப் போடப்பட்டிருப்பதைப் பார்த்தார். வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வரும்படி சரியாகத் திருப்பி வைத்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, என் கோட்டின் கடைசிப் பொத்தானையும் கழற்றிவிடச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கழற்றினேன். அன்றைக்கே ஓர் ஆட்டம் ஆடித் தோற்றேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில், ஓட்டலில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, ஆட ஆரம்பித்தோம். அவர் ஜெயித்த அளவுக்கு நானும் ஜெயித்தேன். இந்த இரண்டு பைத்தியமும் ஒருவனுக்கே ஏன் பிடிக்கிறது என்று நான் யோசித்திருக்கிறேன். இரண்டாலும் யாருக்கும் காலணாப் பிரயோஜனம் கிடையாது. சட்டங்கள் கொஞ்சம்தான், அதற்குள்ளே புகுந்தால் ஆயுசு போதாது. நல்ல கோட்டைப் பார்த்தவருக்கு ஆள் நினைவிருப்பார், கோட்டு நினைவிருக்காது. நல்ல நகர்த்தலும் அப்படித்தான். குதிரையை அங்கே வைத்த பிறகு, வேறு எங்கே வைத்திருக்க முடியும் என்று தோன்றும். வீட்டில், அலுவலகத்தில், வாழ்க்கையில் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

ஒரு மே மாதம், ஏரிக்கரை பெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தோம். சீசன் கூட்டம். ஒரு குடும்பம் எங்கள் கோட்டைப் பார்த்து சர்வர்கள் என்று நினைத்து, நாலு டீ, ஒன்றில் சர்க்கரை வேண்டாம் என்றது. எனக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. அவர் எழுந்து, கோட்டை மூடி, பக்கத்துக் கடைக்குப் போய் டீ சொல்லி அனுப்பிவிட்டு நிதானமாகத் திரும்பினார். உட்கார்ந்ததும் யானையை நகர்த்தி எனக்கு செக் வைத்தார். அந்த நடை அவருக்கு யோசிக்கக் கிடைத்த நேரம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மகன் போன் செய்தான். படுக்கையிலேயே போய்விட்டது, நெஞ்சுவலியாம். மத்தியானம் நான் போனபோது குளிப்பாட்டி, கருநீலக் கோட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மகன் பெங்களூரில் வேலை பார்ப்பவன். வரும் வழியில் சேலத்தில் ஒரு டை வாங்கி வந்திருந்தான். முடிச்சு ஏற்கெனவே போட்டு, பின்னால் எலாஸ்டிக் வைத்துத் தைத்த டை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு போவது. அவனைக் குறை சொல்ல முடியாது. கட்டத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான், அவர்தான் படுத்திருந்தார். ஆனால் அந்த எலாஸ்டிக்கோடு அவர் மண்ணுக்குள் போகக் கூடாது. அன்றைக்கு எனக்கு அது ஒன்றுதான் முக்கியமாக இருந்தது. கல்லறைக்கு எடுத்துப்போகும் வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அவர் மனைவியிடம் சொன்னேன். அக்கா பீரோவிலிருந்து அவருடைய மெரூன் டையை எடுத்துக் கொடுத்தார். குனிந்து அவர் கழுத்தில் போட்டுப் பார்த்தேன். கை ஓடவில்லை. தினமும் கண்ணாடி முன்னால் கட்டுகிறேன். அடுத்தவர் கழுத்தில் இடது வலது எல்லாம் மாறிப்போகிறது. இரண்டு தரம் கோணலாக வந்தது.

"பின்னாடி உக்காந்து கட்டுங்க தம்பி," என்றார் அக்கா. "உங்களுக்குக் கட்டிக்கிற மாதிரி கட்டுங்க."

மகன் தோளைத் தூக்கிப் பிடிக்க, தலைமாட்டில் ஏறி உட்கார்ந்து அவரை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அவருடைய பிடரியை நான் பார்த்ததே இல்லை. கோட்டின் பின்கழுத்து சட்டையோடு ஒட்டி, ஒரு சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தது. எதிரே உட்காருகிறவனுக்கு அது தெரிய வழியில்லை. முடிச்சுப் போட்டு, மேலே ஏற்றி, கீழே ஒரு சின்னப் பள்ளம் விழும்படி அழுத்தினேன். முதல் தடவையே சரியாக வந்தது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. நான் முடிச்சை அவிழ்த்தேன்.

"மாமா, நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றான் மகன்.

இருந்ததுதான். அவரை நெஞ்சிலிருந்து இறக்காமல் இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். கண் மறைத்தது.

"உடு கண்ணு," என்றார் அக்கா. "இன்னொருக்கா கட்டட்டும்."