தரையில் ஊன்றிய கால்

குளத்தின் ஓரத்தில் நான் இருந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரி மணி. அவளுக்கு அடுத்து கோச் அம்மா. எதிரே நாற்காலிகளில் நடுவர்கள் ஐந்து பேர். தண்ணீரில் என் மகள் நித்யா, அவள் ஜோடி ரெஜினா.

குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளம். பாட்டுக்கு இரண்டு பேர் ஒன்றுபோல் நீந்தும் போட்டி. முதலில் வரும் ஜோடி மட்டும் மாநிலப் போட்டிக்குப் போகும். எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு மஞ்சூரிலிருந்து வந்திருந்தோம்.

"இந்தக் குளிருல எதுக்குங்க பல்லக் காட்டறாளுக?" என்றாள் மணி.

"சிரிப்புக்கும் மார்க் இருக்குதுங்க அக்கா" என்றார் கோச். ஐவர் போடுவதில் உச்ச மார்க்கையும் அடி மார்க்கையும் தள்ளிவிடுவார்களாம்.

தலைகீழாகக் கால்களை நீட்டியபோது ரெஜினாவின் மூக்குக் கிளிப் கழன்றது. மேலே வந்து இருமினாள், மறுபடி முங்கினாள். நித்யா தரையில் காலை ஊன்றி அவளைத் தூக்கிப் பிடித்தாள். ரெஜினாவுக்கு மூச்சு வந்தது. மீதியையும் நீந்தி முடித்தார்கள்.

"போச்சுங்க. தரையில கால ஊனுனா ரெண்டு மார்க் கழிச்சுருவாங்க" என்றார் கோச்.

"தூக்கி உட்டதுக்குமா?" என்றாள் மணி.

"எதுக்கு ஊனுனாலும் அப்படித்தானுங்க. நித்யாவுக்கும் தெரியும்."

வெளியே வந்தவளிடம் கேட்டேன். "தெரிஞ்சேவா ஊனுனே, கண்ணு?"

"அவ முங்கிட்டாளுங்கப்பா" என்று தலையைத் துவட்டினாள்.

அவள் ஜெயிப்பதைப் பார்க்கத்தான் போனேன். அவள் யார் என்று பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் இடம். முதல் ஜோடிக்கும் எங்களுக்கும் வித்தியாசம் ஒன்றரை மார்க்.