மாடிப்படிக்குக் கீழே இரைந்த பெட்டி

லாரி கிளீனராக ஆரம்பித்தவன் நான். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஜல்லி ஏற்றிப்போன என் லாரிகளைத் தெரியாதவன் அந்தக் காலத்தில் கிடையாது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இரைந்து தள்ளியது.

பெட்டியை வைத்தவள் என் மகள். சிறுசேரியில் சாப்ட்வேர் வேலை. என் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, பொடி எழுத்து படிக்க முடியாமல் இருந்தது. மகள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மாடிப்படிக்குக் கீழே வைத்துப் புத்தகங்களை ஏற்றினாள். ஹாலில் ஒரு திரை. அதில் தெரியும் பொத்தானை மவுசால் அழுத்தினால், பெட்டியில் உள்ள மென்பொருள் புத்தகத்தைப் பெரிய எழுத்தாக மாற்றித் தரும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

மனைவி ஆசைப்பட்டது ஒரே ஒரு நாவலுக்கு. கல்யாணமான புதிதில் வாரப் பத்திரிகையில் தொடராகப் படித்தது. பிரசவத்துக்குப் போனபோது முடிவு தவறிவிட்டது. இப்போது முதல் பாகம் ஒழுங்காக வந்தது. இரண்டாம் பாகத்தில் பெட்டி மக்கர். மேட்டில் முதல் கியரில் ஏறும் லோடு லாரி மாதிரி விசிறி உறுமும். பக்கம் மட்டும் வராது.

நடுவில் என் கொழுந்தியாள் வேறு. பக்கத்துத் தெருதான். அக்காவைப் பார்க்க தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிடுவாள்.

"இன்னாக்கா, இன்னும் வரலியா? முடிவு எனக்குத் தெரியும், சொல்லிடட்டா?"

"வாயத் தொறந்தே, வூட்ட வுட்டுத் தொரத்திடுவேன். என் கண்ணாலதான் படிப்பேன்."

மகள் போனில் சொன்னாள்: "ப்ராசசர் நூறு சதவீதத்துல ஓடிகினு கீது நைனா. வைரஸ் இல்ல, மெமரியும் போதும். ஆபீஸ்லேர்ந்தே நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டேன். மறுபடி ஏறிக்குது. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துகினு போயிடறேன்."

மனைவி முகம் தொங்கிவிட்டது. விடுவேனா நான்? மாடிப்படிப் பக்கம் நாற்காலி போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் பெட்டி அமைதி. மனைவி பொத்தானை ஒருமுறை அழுத்தினாள். சத்தம் கொஞ்சம் ஏறி அப்படியே நின்றது. கொழுந்தியாள் வந்தாள். காபி போட மனைவி உள்ளே போனதும் உறுமல் ஒரு கியர் கூடியது. பிறகு இன்னொன்று. எட்டிப் பார்த்தேன். கொழுந்தியாள் பொத்தானை டக்கு டக்கென்று அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாம்மா பண்றே?"

"சீக்கிரம் வரட்டும்னுதான் மாமா."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் குடும்பமே அப்படி. கதவு திறக்கும்வரை காலிங்பெல்லை விடமாட்டோம். மூடிய ரயில்வே கேட்டைப் பார்த்தும் ஹாரன் அடிப்போம்.

மகளிடம் சொன்னதும் சிரித்துவிட்டாள். "ஒவ்வொரு தபா அழுத்துறதும் அதுக்குப் புது வேல நைனா. ஒரே புக்க அத்தினி தபாவும் மாத்துது, எதையும் முடிக்க முடியல." ஒரு வேலையை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் ரத்து செய்தாள். மவுசை நான் என் மடியில் வைத்துக்கொண்டேன். உறுமல் இறங்கியது. இரண்டாம் பாகம் வந்தது, எழுத்து ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுக்கு. கோளாறைப் பிடித்தது என் காதுதான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

மனைவி படித்து முடித்த அன்று கொழுந்தியாள் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, கதையில அந்த டாக்டரு திரும்பி வந்தானா, இல்லியா?"

"நீதான் முடிவு தெரியும்னியே?"

கொழுந்தியாள் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். "உன் பிரசவத்துக்கு நானும்தானேக்கா கூட வந்தேன். எங்க படிச்சேன்?"

மனைவி சிரித்த சிரிப்பில் பெட்டிச் சத்தம் கேட்கவில்லை. "இப்டி வா. நானே படிச்சிக் காட்றேன்" என்று கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். நானும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். பெட்டி மறுபடி இரைந்தால், காது உள்ளவன் ஒருத்தன் பக்கத்தில் இருக்க வேண்டாமா?