தமிழ் இல்லாத பத்து நிமிஷம்

இங்கிலீஷ் டீச்சர் வேலையில் ஒரு பெரிய வசதி உண்டு: உங்களுக்கு இங்கிலீஷ் பேச வருமா என்று கடைசிவரை யாரும் கேட்கமாட்டார்கள். பாடத்தில் ஒரு வரி வாசிக்கலாம், உடனே அதைத் தமிழில் சொல்லலாம், கேள்வி பதிலைப் போர்டில் எழுதிப் போடலாம், பரீட்சைத் தாளில் சிவப்பு மையால் சுழிக்கலாம். திண்டுக்கல்லில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினோரு வருஷம் நான் இப்படித்தான் ஓட்டினேன். பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கினார்கள். பெற்றோர்கள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் கும்பிட்டார்கள். ஆனால் தமிழ் கலக்காமல் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல நான் பேசியதே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், மாலத்தீவுப் பள்ளிகளுக்கு இங்கிலீஷ் ஆசிரியர்கள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. நேர்முகத் தேர்வு திருவனந்தபுரத்தில். முதலில் கேள்வி பதில், பிறகு பத்து நிமிஷம் மாதிரி வகுப்பு. எதிரே உட்காரப் போகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. சம்பளம் நல்ல சம்பளம்தான், ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் என்னை மனுப் போட வைத்தது வேறு விஷயம். நான் நிஜமாகவே இங்கிலீஷ் டீச்சரா, இல்லை சும்மா பேருக்கா? இது தெரியாமலே ரிடையர் ஆக எனக்கு மனசில்லை. மனுப் போட்டேன், வரச்சொல்லிக் கடிதமும் வந்தது. கையில் மூன்று வாரம் இருந்தது. என்னைப் போல சாக்பீஸ் பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கதவைச் சாத்திக்கொண்டு சிரியுங்கள்.

பச்சை மை

சர்டிபிகேட் நகல்களில் அரசு அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். ஊருக்குள் யாரிடம் போனாலும் சாயந்திரத்துக்குள் பள்ளிக்கூடத்துக்குச் சேதி போய்விடும். அதனால் பஸ் ஏறி சித்தையன்கோட்டைப் பக்கம் போனேன். அந்தப் பக்கத்து மாட்டாஸ்பத்திரி டாக்டர் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். உங்களில் பாதிப்பேர் சர்டிபிகேட்டிலும் மாட்டு டாக்டர் கையெழுத்துதான் இருக்கும், எனக்குத் தெரியும்.

வேப்பமரத்தடியில் நாலு மாடு, ஒரு எருமை, இரண்டு ஆடு, அதற்குப் பின்னால் ஃபைலோடு நான். வரிசை தப்பக் கூடாது என்பது அங்கே சட்டம். எருமையைப் பிடித்திருந்த பெரியவர், எனக்குப் பின்னால் ஏதாவது கட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். வேலைக்காகக் கையெழுத்து வாங்க வந்திருக்கிறேன் என்றேன். டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவி, பத்து நகலிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஃபைலைக் கட்டும்போது பெரியவர் தைரியம் சொன்னார்:

"கவலப்படாமப் போம்மா. டாக்டரு கை ராசியான கை. போன மாசம் இந்த எருமைக்கும் அவருதான் பாத்தாரு, இப்ப அம்புட்டுப் பாலு கறக்குது."

ஜன்னலுக்கு வெளியே

என் வீட்டுக்காரர் சவரிமுத்து, கொடைரோடு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தார். கேள்வி கேட்டு என்னைப் பழக்குவது அவர் பொறுப்பு. கைடு புத்தகம் ஒன்றை வாங்கிவந்து எதிரே உட்கார்ந்தார். முதல் கேள்வியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனியனும் கைலியுமாக ஒரு மனுஷன், "எங்கள் நாட்டுக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டால் என்ன செய்வது? இரண்டு நாள் இப்படியே சிரித்துக் கழிந்தது.

மூன்றாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆள் நின்றால்தான் அவருக்குக் கேள்வி ஒழுங்காக வருமாம். தொழில் பழக்கம். என்னை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலுக்கு உள்ளே அவர் உட்கார்ந்துகொண்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பற்றி, என் படிப்பைப் பற்றி, பிள்ளைகள்மேல் எனக்குள்ள பிரியத்தைப் பற்றி மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தேன். மறந்த இடத்தில் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கையைப் பிசைந்தேன். அவர் தலையை ஆட்டி, "மறுபடியும் முதல்லருந்து" என்றார். அரைமணி நேரம் இப்படி நடந்திருக்கும். எதிர்வீட்டு செல்வியக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்:

"ஏன் தம்பி, என்னதான் சண்டைன்னாலும் பொம்பளைய வெளிய நிப்பாட்டிக் கதவச் சாத்தலாமா? பாவம், இங்கிலீஷ்லயெல்லாம் கெஞ்சுது பாருங்க!"

வெள்ளைக்காரர்

நிஜமான வெள்ளைக்காரர் ஒருவரிடம் பேசிப் பார்த்தால் பயம் தெளியும் என்று தோன்றியது. அதற்குக் கொடைரோட்டை விட்டால் இடம் ஏது? கொடைக்கானல் போகிறவர்கள் காலை ரயிலில் அங்கேதான் இறங்குவார்கள். ஒரு சனிக்கிழமை வேலைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரரோடு நானும் போனேன். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று வாக்கியத்தை ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரயில் வந்தது. நரைத்த தாடியும் துணிப்பையுமாக ஒருவர் இறங்கினார். டிக்கெட் ஜன்னலிலிருந்து என் வீட்டுக்காரர் கழுத்தை நீட்டி, போ போ என்று கண்ணைக் காட்டினார். ஓடிப்போய் குட் மார்னிங் சொன்னேன். எங்கள் நாட்டுக்கு இதுதான் உங்கள் முதல் பயணமா என்று, ஒரு மூச்சில், தப்பில்லாமல் கேட்டுவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. அவர் ஒரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கன்னம் வீங்கியிருந்தது. பிறகு பொறுமையாகச் சொன்னார்:

"நான் மலையில இருபத்தாறு வருஷமா இருக்கேம்மா. மதுரைக்குப் போயி பல்லு புடுங்கிட்டு வாரேன். இங்கிலீஷ் பேசுனா வாய் வலிக்குது, தமிழ்னா செத்த நேரம் பேசலாம்."

ஆறாம் வகுப்பு பி பிரிவு

இனி என் வகுப்புதான் கதி என்று முடிவு செய்தேன். ஒரு பீரியட், ஒரே ஒரு பீரியட், தமிழ் ஒரு வார்த்தை கூட இல்லாமல் நடத்திப் பார்ப்பது. திங்கட்கிழமை இரண்டாம் பீரியட், ஆறாம் வகுப்பு பி பிரிவு.

உள்ளே போனதும் உட்காருங்கள், புத்தகத்தை எடுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். பாடத்தைத் தொடங்கினேன். தமிழ் வரும் வரும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். வரவில்லை. இரண்டு நிமிஷத்தில் வகுப்பு கப்சிப். எல்லோரும் முதுகை நிமிர்த்திக் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி பையிலிருந்து ரிப்பனை எடுத்துச் சடையில் கட்டினாள். லீடர் பையன் மெதுவாக எழுந்து, போர்டுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த தேதிப் பலகையை நேராக வைத்தான். நான் நன்றாக நடத்துகிறேன் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

நடந்தது வேறு. எங்கள் பள்ளியில் டீச்சர்கள் முழுசாக இங்கிலீஷில் பேசுவது வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு. இன்ஸ்பெக்ஷன் வந்துவிட்டது என்று பி பிரிவு பக்கத்து ஏ பிரிவுக்குச் சொல்லிவிட்டது. ஏ பிரிவு டீச்சரும் சட்டென்று இங்கிலீஷுக்கு மாறிவிட்டார். அங்கிருந்து ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்று மாடி வரைக்கும் போய்விட்டது. நான் வராந்தாவை எட்டிப் பார்த்தபோது, ஆயா தண்ணீர் தெளித்துக் கூட்டிக்கொண்டிருந்தார், பி.டி. மாஸ்டர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். எச்.எம். மேடம் மட்டும் பூமாலை வாங்க ஆள் அனுப்பிவிட்டு கேட்டருகே இருபது நிமிஷம் வெயிலில் நின்றிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் வேர்க்க விறுவிறுக்க என் வகுப்புக்கு வந்தார்:

"இன்ஸ்பெக்ஷன் இல்லாத நாள்ல எதுக்கு டீச்சர் இங்கிலீஷ்ல பேசுறீங்க? எனக்குப் படபடன்னு வந்துருச்சு!"

இரண்டு இஞ்ச்

அதற்குப் பிறகு ரகசியம் ஏது? மாலத்தீவு விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. போவதற்கு நாலு நாள் முன்பு சின்னாளபட்டிச் சேலை ஒன்றுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே டெய்லர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டு கேட்டார்:

"சுத்திக் கடலாம்ல டீச்சர், தெனம் மீனுதானாம். ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு விட்டே தைக்கிறேன், ஆறு மாசத்துல பிரிச்சுக்கிருவீங்க."

மூன்று பேர்

திருவனந்தபுரத்தில் ஒரு ஹாலில் நூறு பேராவது காத்திருந்தார்கள். எல்லோர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. என் முறை வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. உள்ளே மூன்று பேர். நடுவில் தடித்த உடம்போடு தலைவர், ஒரு பக்கம் கண்ணாடி போட்ட அம்மா, இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டே இருந்த ஒரு இளைஞர். ஜன்னலில் சொல்லிப் பழகிய மனப்பாடத்தைத் தொடங்கினேன். நாலாவது வரியில் அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அதே கைடைத்தான் எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள் போல. புத்தகம் வேண்டாம், பையில் இருக்கும் பொருள் ஏதாவது ஒன்றை வைத்து எங்களுக்குப் பாடம் நடத்துங்கள், நாங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்றார்.

பையில் குடை இருந்தது. எடுத்தேன். இது ஒரு குடை என்று இங்கிலீஷில் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை, "அதாவது பிள்ளைகளா..." என்று தமிழ் தானாக வந்துவிட்டது. மூன்று முகத்திலும் ஒன்றுமே இல்லை. அவ்வளவுதான், வந்த வழியே ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொட்டாவி விட்டார். பதினோரு வருஷமாக வகுப்பில் கொட்டாவி விட்டவனை நான் சும்மா விட்டதில்லை. யோசிக்கவே இல்லை, "ஸ்டாண்ட் அப்!" என்று போட்டேன் ஒரு சத்தம்.

எழுந்துவிட்டார்! அந்தப் பெரிய மனுஷர், கையை இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துக்கொண்டு, நேராக எழுந்து நின்றுவிட்டார். இனிமேல் பயந்து என்ன ஆகப்போகிறது? குடையை அவர் கையில் கொடுத்தேன். மழை பெய்கிறது, என்ன செய்வாய் என்று கேட்டேன். விரித்தார். எங்கே போகிறாய் என்றேன். ஸ்கூலுக்கு மேடம் என்றார். பக்கத்துப் பிள்ளைக்குக் குடை இல்லை, அவளையும் சேர்த்துக்கொள் என்றேன். கண்ணாடி அம்மா எழுந்துவந்து குடைக்குள் நின்றார். புரியாத இடத்தில் கையால் காட்டினேன், நடந்து காட்டினேன், நனைந்து காட்டினேன். எத்தனை தப்பு விட்டேனோ தெரியாது. நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்களாம், அதுவும் என் காதில் விழவில்லை. அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன், பழக்கத்தை விட முடியவில்லை:

"எங்கள் அலுவலகத்தில் இவர் வந்தால் நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்போம், இவரை எழுந்து நிற்க வைத்த முதல் ஆள் நீங்கள்தான்."

ரிஜிஸ்டர் தபால்

ஒரு மாதம் கழித்து ஆர்டர் வந்தது. தபால்காரர் போனதும் வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தேன். அழுகை வந்துவிட்டது. வேலை கிடைத்ததற்காக அழவில்லை. நான் சும்மா பேருக்கு டீச்சர் இல்லை என்று யாரோ மூன்று பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதற்காக அழுதேன். ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் அன்றைக்குத்தான் மனசைத் திறந்து சொன்னேன். இத்தனை வருஷமும் எனக்கு இங்கிலீஷ் பேச வராதுங்க, யாருக்கும் தெரியாமல் மறைத்துவைத்திருந்தேன் என்றேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே சொன்னார்:

"கல்யாணம் ஆன மறுவாரமே எனக்குத் தெரியும் சீலி. நான் யார்ட்டயாவது சொன்னேனா? அதுக்காச்சும் நல்லதா ஒரு காபி போடு."

இரண்டு வருஷம் என்று போனவள் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால் என் முதல் இங்கிலீஷ் வகுப்பு திருவனந்தபுரத்தில்தான் நடந்தது என்பதால், அதற்கு முன்பு பதினோரு வருஷம் என்னிடம் படித்தவர்கள் யாருக்காவது இப்போது கோபம் வந்தால் தயவுசெய்து இங்கிலீஷிலேயே திட்டுங்கள், நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்கிறேன்.