ரப்பரா, இரும்பா

எல்லோரும் அவரை ‘அரை டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீல் அலைன்மென்ட் பார்ப்பவர். எந்தக் கார் வந்தாலும் பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “அரை டிகிரி கோணல்” என்பார். மெஷினில் ஏற்றிப் பார்த்தால் அரை டிகிரிதான் இருக்கும். எனக்கு அதுவே எரிச்சல். அவர் பட்டறைக்கு எதிரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். தினமும் அந்த அலட்டலைக் கேட்டாக வேண்டும்.

அவருக்கென்று ஒரு கார் உண்டு. இரண்டே கதவு வைத்த பழைய சிவப்பு வண்டி. இன்ஜினை மாற்றி, குட்டை ஸ்பிரிங் போட்டுத் தரையோடு தாழ்த்தி, கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. லீவு நாளில் அவரும் அவர் மனைவியும் மலைப்பாதைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவரை அண்ணே என்று கூப்பிடுவதால் அவர் மனைவி எனக்கு அண்ணி. வண்டியில் எது சரியில்லை என்றாலும் அண்ணிதான் முதலில் சொல்வார். “நீங்க பீத்திக்கிற அளவுக்கு ஒண்ணுமில்ல, வளைவுல பின்பக்கம் தள்ளாடுது” என்று என் கடைவாசலில் வைத்தே போட்டு உடைப்பார். அவரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்பேனரை எடுப்பார். கார் விஷயத்தில் அண்ணி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

போன வருடம் அண்ணிக்கு முதுகெலும்பில் அது வந்தது. அந்த நோயின் பெயரை அவர்கள் வீட்டில் சொல்வதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். மருத்துவமனைக்கு முக்கால் மணி நேரப் பயணம். “உக்கார முடியிற வரைக்கும் நம்ம வண்டியிலதான் வருவேன். ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டீங்கன்னா நான் எந்திரிக்கவே மாட்டேன்னு அர்த்தம்” என்றார் அண்ணி. அவரை அந்த முன் இருக்கையில் உட்கார வைத்து ஓட்டுவது ஒன்றுதான் அண்ணனால் செய்ய முடிந்த வேலையாக மிஞ்சியது.

அந்த நேரம் பார்த்து, பின்சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கண்ட்ரோல் ஆர்ம்களின் ரப்பர் கிழிந்தது. பள்ளத்தில் இறங்கினால் பின்னால் தட்டல். வண்டி தாழ்ந்திருப்பதால் சக்கரம் வேறு உள்ளே சாய்ந்திருந்தது. கம்பெனி ஆர்மை வைத்து அதைச் சரிசெய்ய முடியாது, நீளம் கூட்டிக் குறைக்கிற ஆர்ம் வேண்டும். என் கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, இரண்டு முனையிலும் தடித்த ரப்பர் புஷ் வைத்தது. இன்னொன்று இரும்புக் குண்டு மூட்டு வைத்தது, பளபளவென்று, ரேஸ் வண்டிக்காரர்கள் கேட்டு வாங்குவது.

பத்து நாள் யோசித்தார். மதியச் சாப்பாட்டை என் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரப்பர் நெளியும் தம்பி. நெளிஞ்சா வண்டி ஆடும். ஆட்டம்தான் முதுக வாங்குது. இரும்புன்னா வண்டி ஒரு இம்மி நகராது.”

“அண்ணே, ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு கல்லும் அதுல ஏறி சீட்டுக்கு வருமே.”

“நீ விக்கிறவன். நான் ஓட்டுறவன்.”

நானும் வாயை மூடிக்கொண்டேன். அவரோடு யார் மல்லுக்கு நிற்பது என்ற அலுப்பு. அந்த அலுப்புக்கு இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் வேலை செய்கிற முறை தனி. வண்டியில் ஆள் உட்கார்ந்தால் சக்கரம் எப்படி நிற்குமோ அப்படி நிறுத்தித்தான் அளவு வைப்பார். ஓட்டுகிறவர் எடைக்கு ஒரு மணல் மூட்டை, பக்கத்தில் இருப்பவர் எடைக்கு ஒன்று. அன்றைக்கும் அண்ணிக்குப் போன் போட்டு எடை கேட்டார். “ஐம்பத்தெட்டு. எப்பவும் அதானே?” என்றார் அண்ணி. ஐம்பத்தெட்டு கிலோ மணலை அண்ணியின் இருக்கையில் வைத்து பெல்ட்டும் போட்டு, இரும்பு ஆர்ம்களை முறுக்கி முடித்தார்.

முதல் பயணம் முடிந்து வந்தவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “கல்லு மேல ஏறினதே தெரியலங்கன்னு உங்க அண்ணியே சொல்லிட்டா. இப்ப என்ன சொல்ற?” அண்ணியே சொன்ன பிறகு பேச்சேது? இரண்டாவது பயணத்துக்கும் அதே பேச்சுதான்.

மூன்றாவது தடவை போய்விட்டு நேராக என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“நர்சு கேக்குது தம்பி, ‘கார்ல வர்றதுதான் உயிர் போற வலின்னு அம்மா சொல்றாங்களே, வேற வண்டி பாக்கக் கூடாதா’ன்னு.” கையிலிருந்த கார் சாவியைக் கல்லா மேல் வைத்தார். “கேஸ் சீட்டுல எடை எழுதியிருந்துது. நாப்பத்தொண்ணு.”

நான் கல்லாவை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் வந்தேன்.

“பதினேழு கிலோ. தினம் நான்தான் தூக்கி உக்கார வைக்கிறேன். வண்டி ரெண்டு மில்லி சாஞ்சா தெரியுற கண்ணு இது. எனக்குத் தெரியலயே தம்பி.”

பெரிய ஆள் விம்மி விம்மி அழுதார். கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான் போய் அந்த ரப்பர் ஆர்ம்களை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

மறுநாள் மதியத்துக்குள் மாட்டிவிட்டார். கூட நானும் போனேன். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தொங்கும்போது முறுக்கக் கூடாது, எடை இறங்கிய பிறகுதான் முறுக்க வேண்டும். மூட்டையிலிருந்து மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டி, நாற்பத்தொன்றுக்குக் கொண்டுவந்தோம். மூட்டையில் கால்வாசிக்கு மேல் காலியாகிவிட்டது. அதை இருக்கையில் வைத்து அவரே பெல்ட் போட்டுவிட்டார்.

வண்டி பட்டுப்போல் ஓடியது. என்னை உட்கார வைத்து ஒரு சுற்று வந்தார். அப்படியே வீட்டுக்கு விட்டோம். அவர் உள்ளே போய் அண்ணியைக் கூப்பிட்டது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

“வா, மாத்திட்டேன். ஒரு ரவுண்டு போலாம்.”

“முடியலங்க. காலையிலேருந்து நிமிர முடியல. ஆம்புலன்சுக்கே சொல்லிருங்க.”

“ஏன்டி எங்கிட்ட பொய் சொன்ன?”

“பத்து நாள் தேடி வாங்கினீங்க. எனக்காகத்தானே? அத நல்லா இல்லன்னு எந்த வாயால சொல்றது?”

ஆம்புலன்ஸ் வந்தது. அண்ணனும் அதிலேயே ஏறிக்கொண்டார். கதவைச் சாத்தப் போன ஆளைத் தடுத்து, என்னைப் பார்த்துக் கேட்டார்.

“முதல்லயே ரப்பர் போட்டிருந்தா, இன்னும் கொஞ்ச நாள் உக்காந்து வந்திருப்பாளா தம்பி?”

வந்திருப்பார். அது அவருக்கும் தெரியும். “அதெல்லாம் இல்லண்ணே” என்றேன். அண்ணி படுத்தபடியே என்னைப் பார்த்து, சரி என்பதுபோல் தலையை அசைத்தார்.