பேர்தானே போச்சு

மலையாள நாட்டுக் கரமனையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சாம்பக்கா மரம் இருந்தது. துரைமார் அதை மலாய் ஆப்பிள் என்பார்களாம். ஊரில் மற்ற சாம்பக்கா மரங்களின் பழம் வெளிறிய ரோஜா நிறம். எங்களுடையது அடர்ந்த சிவப்பு, மினுமினுப்பு. என் பெண் மூன்று வயதில் ஒரு பழத்தைத் தன் பட்டுப்பாவாடையில் ஒட்டிவைத்துப் பார்த்து, "பட்டுக்காய்" என்றாள். தெருவில் எல்லோரும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள். ஐந்து வயதில் ஜுரம் கண்டு அவள் போய்விட்டாள். அவள் பேசியதில் மற்றவர்கள் வாயில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்.

சில வருஷம் கழித்து ஒரு நாள், மரத்தின் தாழ்ந்த கிளைகள் காலியாகக் கிடந்தன. வௌவால் தின்றிருக்கும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அடுத்தாத்து மாமியோடு பழக் கண்காட்சிக்குப் போனேன். நடு மேஜையில் எங்கள் பழம் இருந்தது. கீழே அட்டையில் என் கணவருடைய மேலதிகாரி சூப்பரண்டின் குடும்பப் பெயரைச் சாம்பக்காவோடு சேர்த்து மலையாளத்தில் எழுதியிருந்தது.

"இது யாராத்து மரம்?" என்று அங்கே நின்றவரிடம் கேட்டேன்.

"சூப்பரண்டு சார் வீட்டு மரமாக்கும், மாமி. புது இனம். ஃபர்ஸ்ட் பிரைஸ் இதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"நான்தான் பறிச்சுக் குடுத்தேன். நம்ம மரத்துலேர்ந்து அவராத்துல பதியம் வெச்சது இன்னும் காய்க்கலை."

"அது குழந்தை வெச்ச பேர் இல்லையா?"

"மரம் நம்மகிட்டதானே இருக்கு. பேர்தானே போச்சு."

"அவர் கேட்டாரா, நீங்களாக் கொண்டு நீட்டினேளா?"

துண்டை எடுத்து மடித்தார். "நானாத்தான். பிரமோஷன் சமயம், கேட்டயோ."

பிரமோஷன் வந்தது. அதிகாரி வீட்டுப் பதியன்கள் ஊரெங்கும் போயின. சாலைக் கடைத்தெருவிலும் பழத்தை அவர் பெயரைச் சொல்லித்தான் விற்றார்கள். எங்கள் தெருக் குழந்தைகளிடம், பட்டுக்காய் என்று சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்துப் பார்த்தேன். சொல்லி வாங்கிக்கொண்டார்கள். வாசல் தாண்டியதும் அவர் பெயர்தான். குழந்தைகள்மேல் எனக்குக் கோபமில்லை.

கணவரிடம் அதற்குப் பிறகு எங்கள் பெண்ணைப் பற்றி நான் பேசியதேயில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை.