சித்தியின் சவுரி

பக்கத்து வீட்டுப் பெண் மூணாறில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். காலையில் அவளுடைய ஜன்னல் என் அடுப்படிக்கு நேராகத் திறந்திருக்கும். அவளுக்கு முடி தோளைக்கூடத் தொடாது. அதை இழுத்துப் பிடித்து ஒரு ரப்பர் வளையத்துக்குள் போடுவாள். பிறகு நீளமான குதிரைவால் முடி ஒன்றை எடுத்து, அதன் தலையில் இருக்கிற சின்னச் சீப்பைத் தன் முடிக்குள் செருகி, ஒட்டிக்கொள்ளும் பட்டையை ஒரு சுற்றுச் சுற்றி அழுத்துவாள். அவ்வளவுதான். செல்போனைத் தலைக்குப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுத்து, சரியாக இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்வாள். யாரையும் கூப்பிட மாட்டாள். நான் பார்ப்பது தெரிந்தால் அவள் கூச்சப்படுவாளோ என்று நான் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவேன்.

எனக்கும் அந்த வேலை தெரியும். ஒன்பது வயதில் ஆறு மாதம் தினமும் செய்திருக்கிறேன். அப்போது அதற்குப் பெயர் சவுரி.

மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஆறு குடும்பங்கள் இருக்கிற லயத்தில் எங்களுடையது நாலாவது வீடு. அம்மா இறந்து ஒரு வருடம் ஆனதும், அப்பா போடிமெட்டுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருத்தியைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். "சித்தின்னு கூப்பிடு" என்றார். நான் கூப்பிடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு மனுஷியை எதுவுமே கூப்பிடாமல் ஒரே அறையில் எத்தனை நாள் இருக்க முடியும் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியும். நிறைய நாள் இருக்கலாம்.

வந்த புதிதில் சித்தியைத் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் ஏற இறங்கப் பார்த்தார்கள். அம்மாவுக்கு முடி அதிகம். "மூத்தவ கொண்டை போட்டா தலைக்குப் பின்னால இன்னொரு தலை இருக்கும்" என்று ஒருத்தி, சித்தியின் காதில் விழும்படியே சொன்னாள். சித்தியின் கொண்டையும் பெரியதுதான். அதைப் பார்த்துவிட்டு, "இவளுக்கும் ஒண்ணும் கொறையில்லயே" என்று இன்னொருத்தி சமாதானம் சொன்னாள். சித்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை அப்பா பாக்டரிக்குப் போனபிறகு சித்தி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, இங்க வா. பின்னாடி எனக்குக் கை எட்ட மாட்டேங்குது. செத்த கட்டி விடு."

பலகையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த முடியைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. எலிவால் மாதிரி ஒரு கொத்து. உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய இடம். மடியில் கறுப்பாக, நீளமாக, பாம்பு சுருண்டதுபோல் அந்தச் சவுரி கிடந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத, என்ன?"

தலையாட்டினேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவளுக்குத் தலையாட்டினால் தெரியுமா? எப்படியோ தெரிந்துகொண்டாள்.

சவுரி கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் தேங்காய் எண்ணெய் தொட்டுச் சொந்த முடியைப் பின்கழுத்துக்கு மேலே சேர்த்துப் பிடிக்க வேண்டும். கறுப்புக் கயிற்றால் இறுக்கி ஒரு முடிச்சு. சவுரியின் தலைப்பில் நூலால் பின்னிய ஒரு காது இருக்கும். சொந்த முடியை அந்தக் காதுக்குள் நுழைத்து வெளியே இழுக்க வேண்டும். பிறகு சவுரிக் கயிற்றை மூன்று சுற்று. முதல் சுற்று பிடிக்கத்தான். இரண்டாவது சுற்றில் நிற்கும். மூன்றாவது சுற்றைச் சொந்த முடிக்கு அடியில் கொடுத்து இழுத்தால்தான் கூடைக் கயிறு உரசினாலும் அசையாது. அதற்கு மேல் சவுரியின் மூன்று புரியிலும் சொந்த முடியைக் கொஞ்சம் கொஞ்சம் கலந்து பின்னி, சுருட்டி, கொண்டை ஊசி குத்த வேண்டும்.

முதல் வாரம் எனக்கு வரவே இல்லை. காது கழன்றுவிடும், புரி சிக்கிக்கொள்ளும். பெரட்டுக்குச் சங்கு ஊதிவிடும். ஊதினால் எல்லோரும் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும். சித்தி அவசரப்படமாட்டாள். "இருக்கட்டும், மறுபடி போடு" என்பாள். போடிமெட்டில் பனிமஞ்சு இறங்கினால் பக்கத்தில் நிற்கிற ஆட்டின் மணிச் சத்தம்தான் கேட்கும், ஆடு தெரியாது என்பாள். நான் புரியைப் பிரித்துக்கொண்டிருப்பேன். கட்டி முடித்ததும் கையைப் பின்னால் கொண்டுபோய் ஒருமுறை தொட்டுப் பார்த்து, "ம், நல்லா இறுக்கமா இருக்கு" என்பாள். அன்றைக்கு முழுவதும் என்னிடம் யாராவது சொல்லும் நல்ல வார்த்தை பெரும்பாலும் அது ஒன்றுதான்.

ஏனென்றால் எனக்குக் கூட்டு இல்லை. லயத்துப் பிள்ளைகள் பாண்டி விளையாடும்போது நான் ஒப்புக்குச் சப்பாணி. என் முறை வருவதற்குள் விளையாட்டு முடிந்துவிடும், அல்லது முடித்துவிடுவார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதெல்லாம் கடைசி வீட்டுப் பெண் கையில். என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

"உங்க சித்திக்கு எம்புட்டு முடிடி! எங்க அம்மா பொறாமப்படுறா."

அவள் எழுந்து போய்விடுவாளே என்ற பயத்தில் என் வாய் திறந்துகொண்டது.

"அது சவுரி."

"போடி, பொய்யி."

"சத்தியமா. நாந்தான் தெனமும் கட்டி விடுறேன்."

"அப்பக் காட்டு. காட்டலன்னா நீ புளுகுணி. புளுகுணியெல்லாம் நாங்க சேத்துக்க மாட்டோம்."

எப்படிக் காட்டுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கையும் நான் அவ்வளவு யோசித்துப் போட்டதில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. மத்தியானம் கொழுந்து எடை போடும் இடத்துக்குப் பிள்ளைகள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோவோம். பெண்கள் அங்கே வரிசையில் நின்று, தலையிலிருந்து கூடைக் கயிற்றைப் பின்பக்கமாக இறக்குவார்கள். அன்று காலை சித்திக்குச் சவுரி கட்டும்போது இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது சுற்றைக் கொடுக்கவில்லை. அதைக் கடைசி வீட்டுப் பெண் மட்டும் பார்ப்பாள் என்று எப்படி நினைத்தேனோ, தெரியவில்லை. ஒன்பது வயதுப் புத்தி.

சித்தி வழக்கம்போலத் தொட்டுப் பார்த்தாள். கை அங்கேயே கொஞ்சம் நின்றது.

"இன்னைக்கு லேசா இருக்கே?"

"இறுக்கமாத்தான் கட்டிருக்கேன்."

"சரி. நீ சொன்னாச் சரிதான்" என்று எழுந்து போனாள்.

மத்தியானம் நானும் கடைசி வீட்டுப் பெண்ணும் ஒரு தேயிலைச் செடி மறைவில் நின்றோம். சித்தியின் முறை வந்தது. குனிந்து கயிற்றைப் பின்னால் தள்ளினாள். கயிறு கொண்டையில் மாட்டியது. ஊசிகள் தெறித்தன. கூடையோடு சவுரியும் இறங்கி, கயிற்றில் சிக்கி, கொழுந்தின் மேல் நீளமாகக் கிடந்தது. சித்தியின் தலையில் அந்த எலிவால் மட்டும்.

எடை போடுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, கொழுந்தோட சேத்து இதையும் நிறுக்கணுமா?"

சிரிப்பு கிளம்பியது. முப்பது பெண்களும் சிரித்தார்கள். பக்கத்தில் கடைசி வீட்டுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த நேரத்தில்தான், ஆறு மாதமாக வராத அந்த வார்த்தை என் வாயிலிருந்து சத்தமாக வந்தது. "சித்தி!"

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், என் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு எடை போடுகிறவர் பக்கம் திரும்பி, "நிறுத்துக்கோங்கய்யா. இன்னைக்குக் கொழுந்து கொறவாத்தான் எடுத்திருக்கேன்" என்றாள். சிரிப்பு இரண்டு மடங்கானது. ஆனால் அது வேறு சிரிப்பு. அவளும் அதில் இருந்தாள். சவுரியை எடுத்து, ஒட்டியிருந்த இலையை உதறி, இடுப்பில் செருகிக்கொண்டு, என்னிடமிருந்து தூக்குவாளியை வாங்கினாள்.

சாயங்காலம் திட்டுக்காகக் காத்திருந்தேன். ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்டாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதுவரை அந்தச் சவுரியை அலசினால் அடுப்புக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல்தான் காயப்போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சீயக்காய் போட்டு அலசி, வாசல் கொடியில், அப்பாவின் வேட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். குழாயடிக்குப் போகிறவர்கள் நின்று தொட்டுப் பார்த்தார்கள். "எங்க வாங்குனது?" என்று முதலில் ஒருத்தி கேட்டாள். கேட்டுக்கொண்டே தன் தலைத்துணியை விலக்கி உச்சியைக் காட்டினாள். அங்கேயும் இரண்டு விரல் அகலம். அடுத்தவளும் காட்டினாள். கூடைக் கயிறு யாரையும் விட்டுவைக்கவில்லை. போடிச் சந்தையில் வாங்கலாம் என்று சித்தி சொல்ல, வாசலில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அத்தனை பேர் எங்கள் வாசலுக்கு வந்து அன்றுதான் பார்த்தேன். நான் உள்ளே, கதவுக்குப் பின்னால் இருந்தேன். கடைசி வீட்டுப் பெண் என்னைப் பாண்டி விளையாடக் கூப்பிட்டாள். முதல் ஆட்டமே எனக்கு என்றாள். தலைவலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அப்பா போனதும் பலகையை எடுத்துப் போட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தையும் சீப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றேன். மூன்று சுற்று என்ன, நாலு சுற்றுக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

சித்தி உட்காரவில்லை. ஜன்னல் ஓரம் மாட்டியிருந்த கையகலக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே கறுப்புக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டாள். இரண்டு கையும் பின்னால் போயின. முடிச்சு, காது, ஒன்று, இரண்டு, மூன்று. கண் கண்ணாடியில்கூட இல்லை; வெளியே மஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. புரி பிரித்து, பின்னி, சுருட்டி, ஊசி குத்தி முடித்தபோது அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கக்கூட இல்லை. தொட்டும் பார்க்காமல் கூடையை எடுத்துக்கொண்டு, "கஞ்சி மூடி வச்சிருக்கு, சாப்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நான் சீப்போடு அங்கேயே நின்றிருந்தேன். ஆறு மாதம் கட்டியும் எனக்கு அவ்வளவு சுருக்காக வந்ததில்லை. பின்னாடி கை எட்டாது என்றவள் ஒரே நாளில் எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது.