பீஸ் ரேட்டுக்கு வீட்டுப்பாடம்

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் அதை யார் எடுப்பது என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தினமும் ஒரு தள்ளுமுள்ளு. ஒரு நாள், பாடம் நடக்கும்போதே அவள் பெஞ்சுக்கடியில் ஊர்ந்து போய், எல்லாப் பிள்ளைகளின் டிபன் டப்பாவையும் திறந்து, யார் வீட்டில் என்ன குழம்பு என்று வகுப்புக்கு அறிவித்திருந்தாள். இன்னொரு நாள் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் ஜன்னல் கம்பியில் பாதி உயரம் ஏறியிருந்தாள். குறும்பு என்றும் சொல்ல முடியாது. கேள்வி கேட்டால் பதில் தெரியும். ஆனால் கேள்வி முடியும்வரை அவளால் காத்திருக்க முடியாது.

எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் வைதாலும் மரியாதை குறையாது. தலைமை ஆசிரியை எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வருடக் கடைசிக்குள் பிள்ளை வகுப்பில் உட்காரப் பழகாவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அத்தனை ‘ங்க’வும் போட்டுச் சொன்னார். இந்தச் சேதி வெள்ளகோவிலில் இருந்த என் நங்கையாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, எப்படியோ எட்டிவிட்டது. மறுநாளே வந்து இறங்கினார். ஹாஸ்டலில் போடு, ஜூனில் சேர்த்துவிடலாம், அங்கே பெரிய பெரிய முரடெல்லாம் ஒரே மாதத்தில் சாமி சிலை மாதிரி உட்கார்ந்துவிடுகிறது என்றார். அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழகாத என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். ஏழு வயசுப் பிள்ளையை விட்டுவிட்டு நான் எப்படிச் சோறு தின்பேன் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூனுக்குள் அவளை உட்கார வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம். வீட்டுக்குப் பின்னாலேயே, தைத்து வந்த பனியனில் குறை பார்த்துப் பிரிக்கும் எங்கள் செக்கிங் யூனிட். அங்கே வேலை செய்த பெண்களில் ஒருத்தி வல்லாரைக் கீரை என்றாள், ஒருத்தி மந்திரித்த கயிறு என்றாள். கீரையைக் கிலோ கணக்கில் அரைத்துக் கொடுத்தேன். பிள்ளைக்கு நல்ல பசி எடுத்தது, வேறு மாற்றம் இல்லை. காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் எங்களிடம் சரக்கு எடுக்கும் வியாபாரி, கராத்தேயில் விட்டால் அடங்கிவிடும் என்றார். நான்காம் நாள் கராத்தே மாஸ்டரே அவளை வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். லேசாக நொண்டினார். “பாப்பாவுக்கு நல்ல திறமைங்க. பரதநாட்டியத்துல போட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார்.

கடைசியில் அவளுடைய வகுப்பு டீச்சர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதற்கென்றே கோயமுத்தூரில் டாக்டர் இருக்கிறார் என்று சொன்னார். போனோம். டாக்டரம்மா எங்களோடு பேசிய நேரமெல்லாம் என் மகள் அவருடைய சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார். காது, கண் எல்லாம் பார்த்தார். எங்களிடமும் கேட்டார், பள்ளிக்கூடத்திலும் எழுதி வாங்கிவரச் சொன்னார். அடுத்த முறை போனபோது ஏ.டி.எச்.டி. என்றார். புது மெஷினின் மாடல் பெயரைக் கேட்பது போல என் வீட்டுக்காரர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இது வளர்ப்புக் குற்றம் இல்லை, பிள்ளையின் திமிரும் இல்லை, கவனத்தைப் பிடித்து நிறுத்துவது அவளுக்குக் கஷ்டம் என்று டாக்டரம்மா விளக்கினார். முதலில் பழக்கம்: வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுங்கள், செய்து முடித்த உடனே பாராட்டுங்கள், ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுங்கள். டீச்சர் முன் பெஞ்சில் உட்கார வைக்கட்டும். இது போதவில்லை என்றால் மாத்திரை இருக்கிறது, அதையும் பார்க்கலாம் என்றார். மாத்திரை வேண்டாமே என்று நான் இழுத்தேன். என் வீட்டுக்காரருக்கோ ஸ்டிக்கர் என்றபோதே முகம் மலர்ந்துவிட்டது.

“ஏனுங்க டாக்டர், இது நம்ம பீஸ் ரேட்டுதானுங்களே?” என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அப்போதே தடுத்திருக்கலாம். திருப்பூர்க்காரனிடம் முடித்த வேலைக்கு உடனே பலன் என்று சொன்னால் பீஸுக்கு இவ்வளவு கூலி என்பதைத் தவிர அவன் தலையில் வேறென்ன ஓடும்?

நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கக்கூட அவர் கடைக்குப் போகவில்லை. பனியனில் ஒட்டும் சைஸ் ஸ்டிக்கர் யூனிட்டில் ரோல் ரோலாகக் கிடந்தது. பல் துலக்கினால் எஸ். சிந்தாமல் சாப்பிட்டால் எம். வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்குக்கு எல். ஒரு பக்கம் முழுக்க முடித்தால் டபுள் எக்ஸ்எல். பீரோக் கதவு முழுக்க ஒட்டினார். வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்து ஐஸ்கிரீம். முதல் வாரம் வேலை பறந்தது. அடுத்த வாரம் இன்னும் பறந்தது. அவள் பள்ளி விட்டு வந்ததும் நான் காபி ஆற்றுவதற்குள் இரண்டு பக்கம் கணக்கு முடிந்துவிடும். எங்கே உட்கார்ந்து எழுதினாய் என்று கேட்டால், யூனிட்டில் என்பாள். என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் பெருமை பேசினார்.

அப்புறம் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு நோட்டைத் திறந்து வைத்தார். எட்டு மூணு எவ்வளவு என்ற கணக்குக்கு நேராக, முத்து முத்தான கையெழுத்தில், ‘2 டஜன்’ என்று இருந்தது.

யூனிட்டுக்கு வந்து விசாரித்தோம். தேனிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் செக்கிங் பார்த்த பெண் தலையைச் சொறிந்தாள். “பாப்பா வந்து கெஞ்சுச்சுக்கா. நாலு கணக்குதானேன்னு போட்டுக் குடுத்தேன்” என்றாள். அவள் மட்டும் இல்லை. கூட்டல் ஒருத்திக்கு, பெருக்கல் ஒருத்திக்கு, பார்த்து எழுதுவது இன்னொருத்திக்கு என்று என் மகள் வேலையை ஜாப் ஒர்க்குக்கு விட்டிருந்தாள். கணக்குக்கு ஒரு எஸ் ஸ்டிக்கர் அவர்களுக்கு. டபுள் எக்ஸ்எல் இவளுக்கு. எழுத்து கோணலாக இருந்தால் டேமேஜ் என்று திருப்பியும் கொடுத்திருக்கிறாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கோபப்பட முயன்று பார்த்தார், வரவில்லை. இந்த ஊரில் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று மட்டும் முணுமுணுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளை மடியில் பிடித்து வைத்து, ஏன் சாமி இப்படிச் செய்தாய், நீயே உட்கார்ந்து எழுதினால் என்ன என்று கேட்டேன். அவள் என் வளையலை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே சொன்னாள்:

“உக்காரோணும்னுதாம்மா நெனைக்கறேன். நெனச்சு முடிக்கறதுக்குள்ள எந்திரிச்சர்றேன்.”

எத்தனையோ பேர் பேச்சை நான் மனசில் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்த நோயைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுபடி கோயமுத்தூர். டஜன் கதையைக் கேட்டு டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, எத்தனை பக்கம் என்று எண்ணாதீர்கள், எவ்வளவு நேரம் முயன்றாள் என்று பாருங்கள், பக்கத்தில் நீங்கள் இருங்கள் என்றார். பள்ளியில் இன்னும் தவிக்கிறாள், அதனால் மாத்திரையும் தொடங்கிப் பார்க்கலாம் என்றார். மயங்கிக் கிடப்பாளா என்று கேட்டேன். அப்படிக் கிடந்தால் அளவு சரியில்லை என்று அர்த்தம், உடனே சொல்லுங்கள் என்றார். பசி குறையலாம், எடை பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார்.

நங்கையா போனில் அழாத குறை. பைத்தியத்துக்குக் கொடுக்கும் மாத்திரை, பிள்ளையை முடக்கிப் போடாதே என்றார். நான் அவர் பேச்சை மீறியது அதுதான் முதல் தடவை. காலையில் இட்லி கொடுத்து, பிறகு மாத்திரை கொடுத்தேன்.

முதலில் மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. ராத்திரி அதற்கும் சேர்த்துத் தின்றாள். அளவை ஒரு முறை மாற்றினார்கள். டீச்சர் அவளுக்குக் கரும்பலகை துடைக்கும் வேலை கொடுத்தார், இடையிடையே எழுந்து போக ஒரு நியாயமான காரணம். வீட்டில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று கணக்கு, பிறகு வாசலுக்கு ஓடிவிட்டு வந்து மூன்று கணக்கு. பரீட்சை முடிந்ததும் தலைமை ஆசிரியை மறுபடி டீ வாங்கிக் கொடுத்தார். டீ வந்ததும் என் உயிர் போய்விட்டது. ஆனால் பிள்ளை இங்கேயே படிக்கட்டும் என்றுதான் சொன்னார். பெஞ்சுக்கடியில் போவது முழுக்க நிற்கவில்லை. குறைந்திருக்கிறது, அது போதும் என்றார்.

மே மாதம் நங்கையா ஹாஸ்டலுக்கென்று புதுத் தகரப் பெட்டியோடு வந்து நின்றார். நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

“அக்கா, என்னையும் இப்படித்தான் பொட்டியோட ஹாஸ்டலுக்கு அனுப்புனீங்க. அங்க நான் படிச்சது செவுரு ஏறிக் குதிக்கறது ஒண்ணுதானுங்க. இவ அதுல ஏற்கனவே பாஸ். இங்கயே இருக்கட்டும்.”

நங்கையா பெட்டியைப் பார்த்தார், கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டானே என்றார். சாப்பிட்டு முடித்து, அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் ஒரு காலை வைத்தவர் இறங்கி வந்து, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார்.

“ஏங்கண்ணு, அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பாங்க? நம்ம அஞ்சு வயசுப் பேரன் நேத்து டிராக்டர ஸ்டார்ட் பண்ணிப்போட்டான்.”